பவுண்டுச் சுவருக்கு எண்ணெய் ஊற்றியவர்கள்

தென்னேரியை விட்டு அரை மைல் நடந்த பிறகுதான் செருப்பைச் சூளையிலேயே போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை. பதினாறு நாள் செங்கல் சூளையில் மண் மிதித்த கால், வாலாஜாபாத் வரைக்கும் தார் ரோட்டில் நடக்காதா என்ன. அந்தச் சூளை மேஸ்திரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'ஏழாங்கிளாஸ்' என்பான். ஏழாம் வகுப்புவரை படித்தவன் என்று முதல் நாளே வாயை விட்டது என் தப்பு. ஈரக் கல்லை அடுக்கத் தெரியாத படிப்பு என்ன படிப்பு என்று அன்று காலை எல்லார் முன்னாலும் கேட்டான். கையிலிருந்த கல்லை அவன் காலடியில் வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

வைகாசி மாதத்திலும் தென்னேரி ஏரியில் தண்ணீர் கிடந்தது. எங்கள் சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் பார்த்தால் இது யாருடையது என்று கேட்பார்கள்.

வாலாஜாபாத்தில் ஏறிய காஞ்சிபுரம் பஸ் ஐயம்பேட்டை வந்ததும் இருமி நின்றது. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்கப்பா" என்றார் கண்டக்டர். பெண்கள்கூட இறங்கினார்கள். ஒருவர் மட்டும் இறங்கவில்லை. சலவை வேட்டி, தோளில் மடித்த துண்டு, கையில் கட்டு நோட்டீஸ். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சேர்ந்து தள்ளுங்க, சேர்ந்து தள்ளுங்க, இடது பக்கம் பலம் போதலை" என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். அவரையும் சேர்த்துத்தான் தள்ளினோம். மூன்றாவது தள்ளலில் பஸ் கிளம்பியது. அவருக்கு அதில் திருப்தி. தன்னால்தான் கிளம்பியது போல எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தள்ளும்போது ஒரு அம்மாள் ஒரு பாட்டிலை என் கையில் திணித்திருந்தாள். துணியால் அடைத்த நல்லெண்ணெய் பாட்டில். கழனி வேலை செய்கிற கை அவளுடையது. பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது.

"பத்திரம் தம்பி. அம்மனுக்கு ஊத்தறது."

"எந்த அம்மன்?"

"இன்னாபா, தெரியாதா? பவுண்டு அம்மன். புதுசா கிளம்பி இருக்குது. எனக்குக் கண்ணெரிச்சல். ரெண்டு செவ்வாக்கிழமை ஊத்தினேன், பாதி கொறஞ்சிடுச்சு."

காஞ்சிபுரத்தில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. இதில் புதிதாக ஒன்று கிளம்புவதற்கு இடம் எங்கே கிடைத்தது என்று பார்க்க ஆசை வந்தது. பஸ் நிலையத்தில் இறங்கியதும் மூன்று தரகர்கள் வந்து பட்டுப் புடவை எடுக்கக் கூப்பிட்டார்கள். காலில் செருப்பில்லாதவனைக் கல்யாணப் புடவைக்குக் கூப்பிடுகிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கிற பவுண்டு, நெசவுக்காரர்கள் தெருவின் கோடியில் இருந்தது. அதன் வெளிச்சுவர்தான் அந்த அம்மனின் இருப்பிடம். நான் எதிர்பார்த்தது ஒரு கல், இரண்டு எலுமிச்சம்பழம். கண்டது வேறு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுவர் முழுக்கச் சில்லுகள். உடைந்த பீங்கான், வளையல் துண்டு, சோடா பாட்டில் கண்ணாடி, புது வீட்டுக்காரர்கள் மோஸ்தராகப் போட்டுக்கொள்கிற மொசைக் தரையின் நொறுங்கல், எல்லாம் காரையில் பதித்து உருவம் உருவமாக எழும்பியிருந்தன. ஒரு பஸ் போகிறது, அதற்குள் இருக்கிற தலையெல்லாம் சோடாக் கோலிகள். குழாயடியில் நாலு பெண்கள் குடத்தால் அடித்துக்கொள்கிறார்கள். சைக்கிளில் ஒரு தொப்பிக்காரர் போகிறார், அவர் வயிறு ஒரு முழுச் சாசர். பவுண்டுக்குள் அடைபட்ட மாடு ஒன்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த மாட்டின் கண்ணுக்கு ஒரு கறுப்புப் பித்தான் போதுமாக இருந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஜனங்கள் மாட்டைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழி முழியாகப் பீங்கான் கண், வெளியே தொங்கும் சிவப்பு வளையல் நாக்கு, கையில் ஏதோ கொத்து. அவளுக்குத்தான் மாலை, மஞ்சள், குங்குமம். அவள் தலையில்தான் எண்ணெய். கன்னியம்மாவும் பாட்டிலைக் கவிழ்த்தாள். எண்ணெய் முகத்தில் வழிந்து, மடியில் இறங்கி, காரைக்குள் ஊறியது. டப்பென்று ஒரு சில்லு விழுந்தது. உடனே ஆறு கைகள் பாய்ந்தன. ஜெயித்தவள் அதைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிரசாதமாம். பூஜை அறையில் வைத்தால் நல்லதாம். சுவர் முழுக்க அப்படிப் பொக்கை பொக்கையாக இடங்கள். சைக்கிள்காரருக்கு ஒரு சக்கரமே இல்லை.

சாமி கும்பிடுவதற்காகச் சாமியைப் பிய்த்துத் தின்கிற கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

இன்னொரு சில்லு உருண்டு என் காலடியில் வந்து நின்றது. நீலக் கோப்பையின் காது. குனிந்து எடுத்தேன். சாக்கடை ஓரத்தில் துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நகரசபைத் துப்புரவுக்காரி. அவள் மட்டும் கும்பிடவில்லை. என் கையையே பார்த்தாள்.

"அத்தக் குடு."

"பிரசாதமா அக்கா?"

"பிரசாதம்! குடத்தோட காது அது. அந்த மூணாவது பொம்பள குடம். மதராஸ் ஓட்டல் குப்பையில பொறுக்கினது." சுவரைக் காட்டினாள். குடத்தில் காது இருந்த இடம் வெறும் குழியாக இருந்தது.

அவள் பெயர் நரசம்மா. அந்தச் சுவர் முழுவதும் அவள் பதித்தது. பதினோரு வருஷம், தெரு பெருக்கி முடித்த பிறகு, குப்பையில் கிடைத்ததை வைத்து. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "கொத்தனாருங்க மிச்சம் வுடற காரையில ஒட்டினேன். சொம்மா கீற சுவருதானே" என்றாள். விழுந்த சில்லை எடுத்துத் திரும்ப ஒட்டுவது முன்பெல்லாம் அவளுக்குத் தினப்படி வேலை. அம்மன் கிளம்பிய நாளிலிருந்து அவள் சுவரைத் தொடக் கூடாது. குப்பை அள்ளுகிற கையாம். அந்தக் கை அள்ளிய குப்பைதான் அம்மன் என்பது யார் புத்திக்கும் எட்டவில்லை.

"அம்மன் கையில இருக்கறது வேப்பிலையா அக்கா?"

"தொடப்பம்பா. அது அம்மனும் இல்ல. என் ஓரகத்தி. எப்பவும் கத்திக்கினே இருப்பா, அதான் நாக்கு வெளிய வச்சேன். அவளுக்கு ஊரே எண்ணெய் ஊத்துது. கேட்டா சுடுகாட்டுல படுத்துக்கினு சிரிப்பா."

சிரிக்கவில்லை அவள். கோப்பைக் காதை இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, "இப்பிடியே போனா தீவாளிக்குள்ள வெறுஞ்சுவரு" என்றாள்.

மறுநாள் புதன்கிழமை காலை, ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த இட்லியைத் தின்றேன். மந்தார இலை, மிளகு, சுக்கு, சீரகம். உள்ளங்கை அகலம், கால் சாண் கனம். பாதியிலேயே தண்ணீர் கேட்டேன். பரிமாறினவர், "பெருமாளுக்கே இதுதான்" என்றார். பெருமாள் நின்றே இருக்கிறார், செரித்துவிடும். எங்கள் பக்கத்து இட்லி, தின்று முடிக்கிறவரைக்கும் இருப்பதே தெரியாது.

தெருவில் இறங்கினால் நடக்க வழியில்லை. விடிந்ததும் தறியில் ஏற்றுகிற பட்டு நூலை, அதற்குப் பாவு என்று பேர், வீதி நெடுகக் கட்டி நீட்டி, கஞ்சி தடவி, நீவிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே இடுப்புயரத்துக்குச் சிவப்பு நூல் ஓடுகிறது. காயும்வரை அதைத் தாண்டக்கூடாது, தொடக்கூடாது. சைக்கிள், வண்டி எதுவானாலும் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அவசரமென்றால் குனிந்து நுழையலாம், முதுகு படாமல். என் தோள் உரசிவிட்டது. பாவு நீவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தெலுங்கில் பக்கத்தவளிடம் சொன்னாள்: "கண் இருக்கிறதா, இல்லை அந்தச் சுவர்ப் பொம்மைக்குப் போல ஒட்டி வைத்திருக்கிறதா, கேள்." எங்கள் பக்கத்திலும் பாதி ஊர் தெலுங்குதான். பேச்சு வேறு, வசவு ஒன்றே. கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

ஏழாம் வகுப்பு அங்கேயாவது உதவட்டும் என்று கடைத்தெருவில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கேட்டு நுழைந்தேன். முதலாளி நாற்காலியில் யார் என்றால், பஸ்ஸிலிருந்து இறங்காத சலவை வேட்டி. 'சில்லுச் சித்திரப் பாதுகாப்புச் சங்கம்' என்று மேஜைமேல் பலகை. அவர்தான் செயலாளர். வேலை இல்லை என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு, சங்கத்தைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார்.

"அது சாதாரணச் சுவர் இல்லப்பா. போன வருஷம் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து மூணு சுருள் போட்டோ எடுத்தாங்க. அப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி அது சுவரு."

கருட சேவை ஊர்வலம் வருகிற தெருக்களில் எல்லாச் சுவருக்கும் வெள்ளை அடிக்க உத்தரவு வந்ததாம். இவர் மனு எழுதிக்கொண்டு போனாராம். "கலைன்னு சொன்னேன். அதிகாரி சிரிச்சார். சரின்னு அடுத்த வாரம் அந்தப் பொம்மைக்கு ஒரு மாலையைப் போட்டு விளக்கு வெச்சேன். அம்மன்னு சொன்னா எழுந்து நிக்கறார்! இப்ப எவன் சுண்ணாம்பு மட்டையத் தூக்கிக்கினு வர்றான், பாத்துடலாம்." தன் சாமர்த்தியத்தை நினைத்து அவரே சிரித்துக்கொண்டார்.

"எண்ணெயில சில்லெல்லாம் பேந்து விழுதுங்களே, அண்ணாச்சி."

"பக்தின்னு வந்தா ரெண்டு விழத்தான் விழும். சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கோம்."

"எண்ணெய் ஊத்தக் கூடாதுன்னா?"

"விழறதுக்கு வருத்தம் தெரிவிச்சு."

நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். படித்தேன். 'பெயர் அறியா நாட்டுப்புறக் கலைஞரின் கைவண்ணம்' என்றிருந்தது. அந்த நேரத்தில் அச்சகத்து வாசலில் சரக் சரக்கென்று துடைப்பச் சத்தம். நரசம்மா பெருக்கிக்கொண்டு போனாள். அவளைக் காட்டி, அவள்தானே செய்தது என்றேன்.

"ஒட்டினது அவளா இருக்கலாம்பா," என்றார் குரலைத் தணித்து. "கற்பனை அவளோடதா இருக்குமா? கையெழுத்துப் போடத் தெரியாதவ." பிறகு, வேலை கேட்டு வந்தவன் என்பது ஞாபகம் வந்ததுபோல, "ஒண்ணு செய். அந்தப் பொம்பளை அப்பப்போ சுவர்ல கை வைக்கறாளாம். தடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். குடை, விசில் குடுத்துடறோம். நாளைக்குக் காலைல சொல்லு" என்றார்.

நான் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். பன்றி விரட்டியிருக்கிறேன், பிணத்துக்கு ஐஸ் சுமந்திருக்கிறேன். செய்தவளை அவள் செய்ததிலிருந்து விரட்டுகிற வேலையை இப்போதுதான் ஒருவர் கூப்பிட்டுக் கொடுக்கிறார். நாளை சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். இன்னும் சாப்பாட்டுக்கு வழி பார்த்தாகவில்லை. மறுத்துவிட்டு வந்தேன் என்று இங்கே பெருமையடித்தால் பொய்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்காக ஊர்க்கோடியிலிருக்கிற கைலாசநாதர் கோவிலுக்கு நடந்தேன். கூட்டமில்லாத கோவில் அந்த ஊரில் அது ஒன்றுதான் போலிருக்கிறது. சுற்றிலும் மதிலை ஒட்டி, ஆள் உட்காரும் அளவு சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் சுருண்டு படுத்தேன். கண் பழகியதும், தலைக்கு மேல் காரை உதிர்ந்த இடத்தில் வர்ணம் தெரிந்தது. காவியும் பச்சையுமாக ஒரு தோள், பாதி முகம், ஒரு கண். எந்தக் காலத்து ஆளோ, என்னை அரைக் கண்ணால் பார்த்தது.

எழுப்பிவிட வந்த காவல்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "அதுமேல எவனோ காரையைப் பூசிட்டுப் போயிட்டான்பா. எந்தக் காலமோ. திட்டாதே அவன. தெறந்து கெடந்ததெல்லாம் போயே பூடுச்சு. மூடி வச்சதுதான் மிச்சம்."

சாயங்காலம் குழாயடி டீக்கடையில் நரசம்மா டீயில் பொறையைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு பொறை கொடுத்தாள். செயலாளர் கூப்பிட்ட வேலையை மறைக்காமல் சொன்னேன். விசில் என்றதும் பொறை அவள் கையிலேயே நின்றது.

"ஒத்துக்கினியா?"

"இன்னும் இல்லக்கா."

பிறகு கோவிலில் பார்த்த கண்ணைப் பற்றிச் சொன்னேன். பேச்சை மாற்றத்தான் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"காரை மேலயே பூசிட்டானா? உள்ள நெறம் அப்பிடியே இருந்துதா?"

"இருந்தது."

"எவ்ளோ நாளு இருந்துது?"

"நூறு நூறு வருஷமா இருக்கும்."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். கிளாஸைக் கழுவித் தனியாகக் கவிழ்த்துவிட்டு, "வா" என்றாள். பவுண்டுக்கு அடுத்த தெருவில் வெள்ளையடிக்கிறவர்களின் முகாம். பீப்பாயில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய மேஸ்திரி ஒரு மெலிந்த மனிதர், இமைகூட வெள்ளை. நரசம்மா நேராகக் கேட்டாள்: "பவுண்டுச் சுவரு உன் லிஸ்ட்ல கீதா?"

"கீது. அடிச்சிடலாம்னு பாத்தா ஆளு எங்க? உள்ளூர்க்காரன் எவனும் மட்டையத் தொட மாட்டேன்றான். கண்ணு பூடுமாம். சங்கத்துக்காரரு வாயால வேணாம்னு சொல்றாரு, காயிதத்துல அடின்னு கீது. நான் யாருக்கு பதில் சொல்ல?" என்னைப் பார்த்தார். "நீ எந்த ஊருப்பா?"

"சாத்தூர்."

"அப்ப ஒன்னும் ஆவாது. அவ்ளோ தூரத்துக்கு இந்த அம்மன் வராது."

நான் நரசம்மாவைத் தனியே இழுத்துக் கேட்டேன்: "அக்கா, நீ செஞ்ச சுவரு. அதுமேல அடிக்கச் சொல்றியா?"

"பொம்மைக்குக் கண்ணு தெரியலன்னா எவனும் கும்புட மாட்டான். கும்புடலன்னா எண்ணெய் ஊத்த மாட்டான். அவ்ளோதான்."

"வெள்ளைச் சுவர் கெடைச்சா கட்சிக்காரன் எழுதுவானே."

"எழுதட்டும். எழுத்துக்கு எவன் எண்ணெய் ஊத்தறான்?" பிறகு சொன்னாள்: "சுண்ணாம்பு என்ன, தேச்சா வந்துடும். என் கையிலயே வரட்டும், இல்ல வேற எவ கையிலயோ வரட்டும்."

சங்கம் முழுக்கக் கூடி வருத்தம் தெரிவித்த விஷயத்துக்கு அவள் ஒரு பொறை தின்கிற நேரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டாள். எண்ணெய்ச் சுவரில் சுண்ணாம்பு ஒட்டாதே என்று மேஸ்திரி இழுத்தார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்ப்பது. சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசைக்குப் பதில், பாவுக்குத் தடவி மிஞ்சுகிற கஞ்சியைக் கலப்பது. "பட்டு நூலையே புடிக்குது, சுண்ணாம்பப் புடிக்காதா?" வெள்ளிக்கிழமைக் கூட்டம் வருவதற்குள் முடியவேண்டும். வியாழக்கிழமை காலை என்று முடிவாயிற்று.

வியாழன் விடிந்ததும் வேலையில் சேர்ந்தேன், மேஸ்திரியிடம். குடையும் விசிலும் வேண்டாம் என்று செயலாளருக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். மாலைகளை எடுத்து ஓரமாக வைத்தேன். சீயக்காய்த் தூளைக் கரைத்துத் தேங்காய் நாரால் பதமாகத் தேய்த்தேன். மஞ்சளும் பிசுக்கும் போக, உள்ளிருந்து பஸ் வெளுத்தது, குடங்கள் வெளுத்தன, மாட்டின் கண் பளிச்சென்றது. இத்தனை சுத்தமாக அந்தச் சுவரை ஊரே பார்த்திருக்காது. அரைமணி நேரம்தான் அந்த அழகு.

அதற்குள் செயலாளர் வந்துவிட்டார், ரிக்‌ஷாவில். ஆனால் தெருவுக்குக் குறுக்கே பாவு. அப்போதுதான் கஞ்சி தடவியிருந்தார்கள். குனிந்து நுழைந்தால் பத்தடியில் நான். அவர் குனியவில்லை. அந்தப் பக்கமே நின்று, "நிறுத்துப்பா! சங்கத்துக்குத் தெரியாம நடக்குது! மட்டையைக் கீழ வை! இடது பக்கம் தண்ணி ஊத்து!" என்று மேற்பார்வை செய்தார். அவர் துண்டின் நுனி நூலில் பட்டதும், நேற்று என்னைத் திட்டிய அம்மாள் தெலுங்கில் ஆரம்பித்தாள். அதை இங்கே பெயர்த்து எழுத முடியாது. எனக்குக் கிடைத்தது அதில் கால்வாசிகூட இல்லை.

நரசம்மா துடைப்பத்தைச் சாக்கடை ஓரம் சாய்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சுவருக்கு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து நீலக் கோப்பைக் காதை எடுத்து, அதன் முதுகில் கொஞ்சம் காரையை வைத்து, மூன்றாவது குடத்தின் குழியில் அழுத்திப் பிடித்தாள். நூறு எண்ணுகிற நேரம் பிடித்திருப்பாள். கையை எடுத்ததும் அது நின்றது.

"எங்கிருந்து ஆரம்பிக்க அக்கா?" என்றேன்.

ஓரகத்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

"மொதல்ல அவ வாய மூடு."

மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்து, அந்தச் சிவப்பு நாக்கின் மேல் முதல் வெள்ளையை இழுத்தேன்.